இடது பக்கத்துப் படம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சிங்கப்பூரில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஜெசிந்தாவின் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் மார்பகப் படம் எடுத்தார்கள்.
2. இடது பக்கத்தில் 'அசிமெட்ரி' என்று அறிக்கையில் எழுதியிருந்தது.
3. ஏழெட்டு வருடங்களுக்கு முன்பும் இதே மாதிரிப் படம் எடுத்திருப்பதாக அம்மா சொன்னார். அதைக் கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர்.
4. ஊசிக்கு அம்மா மறுத்துவிட்டார்.
5. அம்மா முன்பு தங்கப் போனபோது விட்டுவந்த பழைய படம் நெடுந்தீவில் அவருடைய தங்கை றெஜினா வீட்டில் இருந்தது. மூன்று வாரமாகத் தொலைபேசியில் "தேடுறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் றெஜினா.
6. ஜெசிந்தாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எனக்குக் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பு. அது முடிந்தபின் நான்கு நாள் மிச்சம் இருந்தது.
7. போனேன்.

நான் திருச்சிக்காரி. இப்படிப்பட்ட படங்களை எடுப்பதுதான் என் தொழில். இரண்டு பக்கத்துப் படங்களையும் விரித்த புத்தகத்தின் இரண்டு தாள்கள்போல அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் வெண்மை இருந்து, மறு பக்கத்தில் அதே இடத்தில் அது இல்லையென்றால் அதற்குப் பெயர் அசிமெட்ரி. கட்டி என்று அர்த்தமில்லை. கட்டி இல்லை என்றும் அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் பழைய படத்தில் இல்லாத வெண்மை புதிய படத்தில் வந்திருந்தால் எந்த மருத்துவரும் அதை விட்டுவைக்கமாட்டார்.

தமிழில் சமச்சீரின்மை. பள்ளிக்கூடத்தில் வண்ணத்துப்பூச்சியை நடுவில் மடித்துக் காட்டி சமச்சீர் என்றால் என்னவென்று சொல்லித்தந்தார்கள். மற்றதற்குப் படம் எதுவும் காட்டவில்லை.

கிளம்பும்போது ஜெசிந்தா ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மாவுக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தப் போகாதை. மனிசி பயந்துபோடும்." சரி என்றேன்.

முதல் நாள் அவர்களுடைய ஊரான ஊர்காவற்றுறையில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. சோளகக் காற்று இறங்குதுறையின் மணலைக் கிளப்பி முகத்தில் எறிந்தது. ஜெசிந்தாவின் அம்மா பிலோமினா பேருந்து நிற்குமிடத்துக்கே வந்திருந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண். என் பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை, பயணம் எப்பிடி? பசிக்குதே? நண்டு வாங்கி வைச்சிருக்கிறன். நண்டு தின்பீர்தானே?"

தின்பேன் என்றேன். எங்கள் ஊர் நண்டு ஐஸ் பெட்டியில் வரும். இங்கே கால் அசைந்துகொண்டிருந்தது. முருங்கையிலை போட்ட குழம்பும் புட்டும். நண்டை உடைத்துச் சதையைத் தனியாக எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் தட்டில் ஓடுகள் மட்டும் சேர்ந்தன.

சாப்பிட்டு முடித்ததும் அலுமாரியிலிருந்து புதிய படத்தின் உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"உதிலை ஒரு சொல்லு இருக்காம். டொக்டர்ப் பெடியன் சொன்னவர், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையெண்டு. நான் சிரிச்சுப்போட்டன்."

"ஏன் அம்மா?"

"எப்பிடி ஒரே மாதிரி இருக்கும்? மனிசன் உயிரோடை இருக்கேக்கை விடியக் கரைக்கு வந்தால் வலையிலை நண்டு கழட்ட வேணும். மடியிலை பிள்ளை அழும். வலக்கை வலையிலை, பிள்ளை இடப்பக்கம். ஐஞ்சு பிள்ளையளும் இடப்பக்கம்தான் குடிச்சதுகள். இந்தக் கரையிலை எந்தப் பொம்பிளையைப் படம் பிடிச்சாலும் இதுதான் வரும். அந்தப் பெடியன் கடற்கரைப் பக்கமே வந்திருக்கமாட்டான்."

தன் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்த விளக்கம். அதில் பாதி சரி. அளவு மாறுவதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் படத்தில் நாங்கள் பார்ப்பது அளவை அல்ல. இதைச் சொல்ல ஜெசிந்தா விடவில்லை. சொல்லாமல் விட என் தொழில் விடவில்லை. "இருக்கலாம் அம்மா, பழைய படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன். பழசிலையும் உது இருக்கும். பேந்து ஏன் ஊசி? எங்கட ஒழுங்கையிலை செபமலர் எண்டு ஒருத்தி, குத்திப் பாத்தவை. மூண்டு மாசத்திலை போயிட்டாள். குத்தினால் உள்ளுக்குக் கிடக்கிறது கலைஞ்சு எல்லா இடமும் போகும்."

போகாது என்றேன். செபமலருக்கு ஊசி போடும்போதே நோய் முற்றியிருக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து தட்டுகளைக் குசினிக்குக் கொண்டுபோனார்.

புதிய படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாம் நாள் ஆட்டோவில் புறப்பட்டோம். நாரந்தனை தாண்டிச் சரவணையில் ஒரு ஆலமரத்துக்குப் பக்கத்தில் சக்கரம் காற்றுப்போனது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. ஓட்டுநர் இரண்டு சக்கரங்களையும் தரையில் வைத்துவிட்டு மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை, பாத்தால் காத்து வருமோ?" என்றார் அம்மா.

"பிலோமினாக்கா, நேத்து ராவு அடிச்சனான். சத்தியமாய் அடிச்சனான்."

"எதுக்கு? சக்கரத்துக்கோ?"

ஓட்டுநர் ஒரு சைக்கிளில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு போனார். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது நெடுந்தீவுப் படகு கடலில் ஒரு விரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. அடுத்தது பின்னேரம்தான்.

நயினாதீவுக்குப் போகும் படகு எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. "வாரும். இஞ்ச நிண்டு வெயில் காயிறதிலும் பாக்க அம்மன் கோயில்லை சாப்பிட்டு வரலாம்" என்றார் அம்மா. கழுத்தில் செபமாலை தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "பசிக்கு என்ன வேதமோ சைவமோ. மாதாவும் அம்மன்தானே. ஆனால் எங்கட சுவாமியாரிட்டைச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

சின்னப் படகு, நிறையக் கூட்டம். கிளம்பிய உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படகுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினார். "கோயில் பாக்கிற ஆசையிலை எல்லாரும் ஒரு பக்கம் குந்தினால் கோயில் வராது, கடல்தான் வரும். ரெண்டு மொத்தமான ஆக்கள் இஞ்சால வாங்கோ." யாரும் அசையவில்லை. தன்னை மொத்தமானவர் என்று யார் ஒப்புக்கொள்வார்? கடைசியில் ஒரு வயதானவர் சிரித்துக்கொண்டே எழுந்து மாறினார். படகு நிமிர்ந்தது. சமச்சீரின்மை என்ற சொல் இல்லாமலே அதை அறிந்து, உடனே சரிசெய்யவும் தெரிந்தவர்கள் இவர்கள் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிய பிறகு அடித்துவிட்டேன். ஆளை மாற்றி உட்காரவைத்துத் தீர்கிற விஷயத்துக்காக நான் வரவில்லை.

அன்னதான மண்டபத்தில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். சுவையான சாப்பாடு. அம்மா இரண்டு தடவை சோறு வாங்கினார். எனக்கு இறங்கவில்லை. திரும்பும் படகில் எங்களுக்கு முன்னால் கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று. அவர்கள் அங்கே உள்ள பௌத்த விகாரைக்கு வந்தவர்கள். அந்தப் பெண் அம்மாவுக்கு ஒரு ஆரஞ்சுப்பழம், இங்கே சொல்லும் தோடம்பழம், கொடுத்து ஏதோ சொன்னார். அருகில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "களைச்சுப்போய் இருக்கிறீங்கள், சாப்பிடுங்கோ எண்டு சொல்லுறா." அம்மா பழத்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "களைப்புத் தெரியுதோ?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். தெரிந்தது.

நெடுந்தீவுப் படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அலை பலகையை அடிக்கும் ஒவ்வொரு முறையும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அசையாமல் இருந்தார்.

"பிள்ளை, நீர் இந்தப் படம் எத்தினை பேருக்கு எடுத்திருப்பீர்?"

"எண்ணவில்லை அம்மா. நிறைய."

"எடுத்த உடனை உமக்குத் தெரியுமோ?"

"சில நேரம்."

"அப்ப சொல்லுவீரோ?"

"சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்."

"பேந்து என்ன செய்வீர்?"

"உடை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பத்திரமாகப் போங்கள் என்று சொல்வேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "உம்மட முகத்திலை ஒண்டும் தெரியேல்லை. நேத்து யன்னலடியிலை நிண்டு பாக்கேக்கையும் தெரியேல்லை. உது படிச்சதோ, பிறவியோ?"

படித்தது என்றேன். உண்மை அதுதான். படத்தை முதலில் பார்ப்பவள் நான். அதைப் பற்றிப் பேச உரிமை இல்லாதவளும் நான். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்திக்குத் தெரிகிறது, அந்தப் பக்கம் ஒருத்திக்குத் தெரியவில்லை. இதற்கும் சமச்சீரின்மை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், பொருளாதாரம் படிப்பவர்கள். நான் அதை வேலை என்று மட்டும் நினைத்திருந்தேன். படகில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தோன்றவில்லை.

றெஜினா இறங்குதுறைக்கு வரவில்லை. லான்ட்மாஸ்டர் என்று இங்கே சொல்லும் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிப் போனோம். பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், மூன்று மட்டக்குதிரைகள், காற்று. வேறு ஒன்றும் இல்லை. றெஜினாவின் வீட்டு வாசலில் ஐந்தாறு மாடுகள் கட்டியிருந்தன. அவர் அம்மாவைவிடப் பருமன், சத்தமும் அதிகம். ஜெசிந்தாவைப் போல நானும் சின்னம்மா என்றே கூப்பிட்டேன்.

கூழ் காய்ச்சி வைத்திருந்தார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்ட கூழ். பனையோலையை மடித்துப் பிளாவாக்கிக் கையில் தந்தார். உறைப்பில் கண்ணீர் வந்தது. "குடியும், குடியும்" என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். படத்தைப் பற்றி நான் பேச்செடுத்தபோதெல்லாம் மாடு கத்தியது, அல்லது அடுப்பு அணைந்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. "விடியட்டும் பிள்ளை. வெளிச்சத்திலை பாப்பம்."

மூன்றாம் நாள் விடிந்ததும் தானாகவே உறையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தந்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

நான்கு படங்கள் இருக்க வேண்டும், பக்கத்துக்கு இரண்டாக. இரண்டுதான் இருந்தன. இரண்டும் வலது பக்கம்.

"சின்னம்மா, மற்ற இரண்டு?"

றெஜினா தன் அக்காவைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துச் சொன்னார். "ஐஞ்சாறு வருசத்துக்கு முதல் ஒரு கிரகணம் வந்தது. சூரியன் மோதிரம் மாதிரித் தெரியும் எண்டு சொன்னவை. வெறுங்கண்ணாலை பாக்கக் கூடாதாம். எக்ஸ்றே படம் இருந்தால் பாக்கலாம் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. ஒருத்தரிட்டையும் இல்லை. என்னட்டை நாலு கிடந்தது. மேலை இருந்த ரெண்டையும் எடுத்து வெட்டிக் குடுத்துப்போட்டன்."

அம்மா சாணம் அள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நான்கு வீடுகள் சொன்னார். ஒட்டவைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பட்டியல் போட்டேன். மூவரும் நடந்தோம்.

முதல் வீட்டுக்காரர் வேதாகமத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். "வைச்சிருந்தனான் தங்கச்சி. இன்னொருக்கால் கிரகணம் வந்தால் உதவும் எண்டு. அந்த வடிவை என்னெண்டு சொல்லுறது! நாங்கள் எல்லாரும் கடற்கரையிலை நிண்டு கத்தினனாங்கள்." பிறகு அம்மாவைப் பார்த்து அக்கறையாகக் கேட்டார்: "இப்ப கால் எப்பிடி இருக்குது?"

அம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"கால் எண்டுதான் சொன்னனான்" என்றார் றெஜினா, சத்தமில்லாமல். "பேந்து என்னத்தின்ரை படம் எண்டு சொல்லுறது, ஆம்பிளையளுக்கு?"

"கால் சுகம் அண்ணை," என்றார் அம்மா. "நல்லா நடக்குது." வெளியே வந்ததும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார். அந்த நான்கு நாட்களில் அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். முழுக் கறுப்பு.

இரண்டாம் வீட்டில் யன்னல் ஓட்டையை அடைக்க ஆணி அடித்து வைத்திருந்தார்கள். பிடுங்கித் தந்தார்கள். அதன் ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்து, இடது பக்கம் என்பதற்கான குறி. எழுத்தைச் சுற்றிக் கறுப்பு. மூன்றாம் வீட்டில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் தைத்திருந்தார்கள், கண் கூசாமல் இருக்க. இரண்டும் கறுப்பு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் எடுக்கும் படத்தில் மார்பகம் வெள்ளையாக விழும். அதற்கு வெளியே, ஒன்றுமில்லாத இடம், கறுப்பாக இருக்கும். சூரியனைப் பார்க்க அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுமில்லாத இடம்தான். அப்படிப் பார்ப்பதும் கண்ணுக்கு நல்லதல்ல.

"சின்னம்மா, வெள்ளையாக இருந்த பகுதியை என்ன செய்தீர்கள்?"

"அதுக்குள்ளாலை வெளிச்சம் அடிக்கும் எண்டு விட்டனாங்கள். ஆருக்கும் தேவைப்படேல்லை." நின்றார். "ஓலை கூட்டி எரிக்கேக்கை சேத்து எரிச்சுப்போட்டன்."

நான்காம் வீட்டுக்குப் போகவில்லை.

உறையில் இருந்த இரண்டு வலது பக்கப் படங்களையும் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான, நல்ல படங்கள். எடுத்தவர் திறமைசாலி. ஆனால் வலது பக்கத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சமம் என்றும் சொல்ல முடியாது, சமமில்லை என்றும் சொல்ல முடியாது. அம்மாவிடம் இதை இப்படியே சொன்னேன். ஜெசிந்தாவுக்குக் கொடுத்த வாக்கை அங்கே மீறினேன். அந்தச் சொல்லின் அர்த்தம், அது எதுவாக இருக்கலாம், எதுவாக இல்லாமலும் இருக்கலாம், பழைய படம் ஏன் வேண்டியிருந்தது, எல்லாம். புற்றுநோய் என்ற சொல்லையும் சொன்னேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்ப நான் பிள்ளையளுக்குப் பால் குடுத்த கதை?"

"அது உண்மையாக இருக்கலாம். அதற்குச் சாட்சி எரிந்துபோய்விட்டது."

"ஊசிக்கு நான் வரமாட்டன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு றெஜினா அடுப்பு மூட்டவில்லை. குசினி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து அழத் தொடங்கினார். மெல்ல அல்ல; பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி. "என்ரை கையாலைதான் வெட்டினனான். என்ரை கையாலைதான் எரிச்சனான். அக்காவுக்கு ஏதும் நடந்தால் நான்தான்." அம்மா தண்ணீர் கொடுத்தார், வாங்கவில்லை. நயினாதீவிலிருந்து முடிந்து வந்த தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தார், அதையும் வாங்கவில்லை. வேலிக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"எடி, கால்தானே எண்டு அவைக்குச் சொன்னனீ. காலுக்கு ஆராவது இப்பிடிக் குழறுவினமோ? எழும்படி."

றெஜினா எழும்பவில்லை.

அம்மா என்னிடம் திரும்பினார். கோபமாக இருந்தது குரல். "பின்னேரப் போட் எத்தினை மணிக்கு? நாளைக்குப் போய்க் குத்துவம். இவள் இப்பிடியே கிடந்தால் மாடுகள் செத்துப்போம்."

நான் மூன்று நாளாகச் சொன்ன எந்த விளக்கமும் அவரை அசைக்கவில்லை. தங்கையின் வாயை மூடுவதற்காகப் போனார். றெஜினாவும் கூடவே வந்தார், மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு. படகில் தன் அக்காவின் இடப்பக்கமாக உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்தபடி வந்தார்.

நான்காம் நாள் யாழ்ப்பாணத்தில் ஊசி போட்டார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவுக்கு வெளியே இருந்து எனக்குப் பழக்கமில்லை. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு நிமிடக் கணக்கில் தெரியும். இருந்தும் இரண்டு முறை எழுந்துபோய்த் தாதியிடம் கேட்டேன். அம்மா வெளியே வந்து பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நுளம்பு கடிச்ச மாதிரி" என்றார். பிறகு, "செபமலர் பாவம். அவளுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

அன்று மாலையே கொழும்புக்குப் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் வவுனியாவரை பூசணிக்காயின் விலையைப் பற்றிப் பேசினார்.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. முதலில் அம்மாவுக்குச் சொன்னார்கள். அம்மா எனக்குச் சொன்னார், மகளுக்கு நீர் சொல்லும் என்று. ஜெசிந்தா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்றுதான் முதலில் கேட்டாள். தெரியும், அந்தச் சொல்லை விளங்கப்படுத்தியதும் நான்தான் என்றேன். நான்கு நாள் என்னுடன் பேசவில்லை. ஐந்தாம் நாள், விடுப்புக் கேட்டு எழுதிய தாளைக் காட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்றாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. இடது பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். கையிடுக்கிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகளின் முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் அம்மா பேசினார். சட்டை ஒரு பக்கம் தொங்குகிறதாம், றெஜினா பழைய துணியைச் சுருட்டித் தைத்துத் தந்திருக்கிறாளாம், அது நடக்கும்போது மேலே ஏறுகிறதாம். "அடுத்த முறை வந்தால் உமக்கு அரைவாசி வேலைதான்" என்றார். நான் சிரிக்கவேண்டும் என்று காத்திருந்தார். சிரித்தேன்.

அம்மாவுடன் இருக்கும் ஜெசிந்தாவின் விடுப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. றெஜினா மாடுகளைப் பார்க்க நெடுந்தீவுக்குத் திரும்பியாக வேண்டும். புற்றுநோய்க்கான மருந்து ஏற்ற மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். மற்ற நான்கு பிள்ளைகளும் வெளிநாட்டில். ஊர்காவற்றுறை வீட்டில் அம்மாவுடன் யார் இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.